பனியன் ஊரில் இருந்து பயிர்ப் படிப்புக்கு!

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம்: பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

திருப்பூரை ஒட்டி இருக்கிறது வேலம்பாளையம். ஊர்க்காரர்கள் "15 வேலம்பாளையம்" என்பார்கள். ஒரு காலத்தில் தனி நகராட்சி. இப்போது திருப்பூர் மாநகராட்சியில் ஒரு பகுதி.

எந்தத் தெருவில் நுழைந்தாலும் அங்கே தையல் மெஷின் சத்தம்தான். ஒரு வீட்டில் அப்பா கட்டிங் மாஸ்டர். அடுத்த வீட்டில் அம்மா செக்கிங் வேலைக்குப் போகிறார். மூன்றாம் வீட்டில் அண்ணன் ஓவர்லாக் டெய்லர். சனிக்கிழமை வந்தால் சம்பளம்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் பிளஸ் 2 முடிக்கிறாள். "அடுத்து என்ன?" என்று கேட்கிறாள்.

"கம்பெனிக்கு வா. ஹெல்பராகச் சேர்ந்தால் கொஞ்ச நாளில் டெய்லர் ஆகி விடலாம்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "பி.காம். சேர்த்து விடு" என்கிறார் மாமா. "என்ஜினீயரிங்" என்கிறார் சித்தப்பா.

"விவசாயம் படிக்கட்டும்" என்று சொல்ல ஆள் இல்லை.

காரணம் இருக்கிறது. வேலம்பாளையத்தில் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் விவசாயிகள். மழை பொய்த்தது. கிணறு வற்றியது. கடன் ஏறியது. மூட்டை கட்டிக்கொண்டு பனியன் ஊருக்கு வந்தார்கள். "மண்ணை விட்டு வந்தோம். மகளை மறுபடியும் மண்ணுக்கா அனுப்புவது?" என்று அப்பா கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில், கோவையில் இருக்கிறது. அதன் பெயர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

பனியன் எங்கே பிறக்கிறது?

பனியன் எதில் இருந்து வருகிறது? துணியில் இருந்து. துணி? நூலில் இருந்து. நூல்? பஞ்சில் இருந்து. பஞ்சு? பருத்திச் செடியில் இருந்து.

ஆக, ஒவ்வொரு பனியனும் முதலில் ஒரு விதையாக இருந்ததுதான்!

கொங்கு நாட்டில் பழைய காலத்தில் விளைந்த நாட்டுப் பருத்தியின் இழை குட்டையானது. அதில் மெல்லிய நூல் நூற்க முடியாது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா நாட்டில் இருந்து ஒரு பருத்தி விதை வந்தது. கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் அது செழித்தது. அதன் இழை நீளமாக இருந்தது. கோவையில் மில்கள் பெருக அந்தப் பஞ்சும் ஒரு காரணம்.

கோவை ஆராய்ச்சியாளர்கள் அதோடு நிற்கவில்லை. கம்போடியாப் பருத்தியை உகாண்டாப் பருத்தியோடு சேர்த்தார்கள். அப்படி வந்த வரிசைக்கு "மெட்ராஸ் கம்போடியா உகாண்டா" என்று பெயர். சுருக்கமாக எம்.சி.யு. இந்த வரிசையில் எம்.சி.யு.5 என்ற ரகம் 1968-ம் ஆண்டில் வந்தது. மிக நீண்ட இழை உள்ள பருத்தி அது.

1974-ல் இன்னொரு ரகம் கோவையில் உருவாயிற்று. சுஜாதா என்ற பருத்தியையும், செயின்ட் வின்சென்ட் என்ற வெளிநாட்டுப் பருத்தியையும் சேர்த்தார்கள். இரண்டு பெயரையும் வெட்டி ஒட்டி "சுவின்" என்று பெயர் வைத்தார்கள். வேலம்பாளையத்தில் 34-ம் நம்பர், 40-ம் நம்பர் நூல் என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். சுவின் பஞ்சில் 100-க்கு மேற்பட்ட நம்பர் நூலே நூற்கலாம்!

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று தமிழ்நாட்டு மில்களுக்கு வேண்டிய பஞ்சு தமிழ்நாட்டில் விளைவது இல்லை. பெரும்பகுதி குஜராத், மராட்டியம், தெலுங்கானா போன்ற மாநிலங்களில் இருந்து வருகிறது. பஞ்சு எடுக்க ஆள் கிடைப்பது இல்லை. கூலி கட்டுவது இல்லை என்று விவசாயிகள் பருத்தியைக் கைவிட்டார்கள். அதற்காகத்தான் பல்கலைக்கழகம் அண்மையில் "கோ 17" என்ற ரகத்தை வெளியிட்டது. பக்கக் கிளை படராத செடி. நெருக்கி நடலாம். மெஷின் வைத்து அறுவடை செய்யவும் ஏற்றது.

பனியன் தைப்பவர் மகளுக்கும் பருத்தி வளர்ப்பவர் மகனுக்கும் வயிற்றுப்பாடு ஒரே செடியில்தான் தொங்குகிறது.

லிங்கன் போட்ட கையெழுத்து

இந்தப் பல்கலைக்கழகத்தின் அமைப்பை அறிய அமெரிக்கா வரை போய் வர வேண்டும்.

1862-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டு இருந்தது. அங்கே அப்போது கல்லூரி என்றால் பெரும்பாலும் பாதிரியார்களுக்கும், வக்கீல்களுக்கும், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான். கொல்லன் மகனும் குடியானவன் மகனும் அந்தப் பக்கம் போவது அபூர்வம்.

ஜஸ்டின் மாரில் என்பவர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். அவரும் ஒரு கொல்லரின் மகன்தான். அவர் ஒரு மசோதா கொண்டு வந்தார். "ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசு நிலம் கொடுக்க வேண்டும். அந்த மாநிலத்துக்குக் காங்கிரசில் எத்தனை உறுப்பினர்களோ, அத்தனை 30 ஆயிரம் ஏக்கர். மாநிலங்கள் நிலத்தை விற்றுக் கல்லூரி நடத்த வேண்டும். அங்கே விவசாயமும் தொழிலும் கற்பிக்க வேண்டும்." 1862 ஜூலை 2-ந் தேதி ஜனாதிபதி லிங்கன் கையெழுத்துப் போட்டார்.

நிலம் கொடுத்து உண்டான கல்லூரிகள் ஆகையால் "நிலக்கொடைக் கல்லூரிகள்" என்று பெயர் வந்தது. (அந்த நிலத்தில் பெரும்பகுதி செவ்விந்தியர்களிடம் இருந்து பறித்தது. கொடுத்தது அரசு, இழந்தது அவர்கள். அதையும் மறக்கக் கூடாது.)

1887-ல் கல்லூரிகளோடு ஆராய்ச்சிப் பண்ணைகள் சேர்ந்தன. 1914-ல் மூன்றாவது வேலை வந்தது. கண்டுபிடித்ததை விவசாயியின் வீட்டுக்கே கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். படிப்பு, ஆராய்ச்சி, ஊருக்குச் சொல்வது ஆகிய மூன்றையும் ஒரே இடம் செய்வதுதான் நிலக்கொடைக் கல்லூரியின் அடையாளம்.

இந்தியா சுதந்திரம் அடைந்தபின் இந்த முறை இங்கும் வந்தது. வடக்கே பந்த்நகரில் முதல் விவசாயப் பல்கலைக்கழகத்தை 1960-ல் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டுக்கு 1971-ல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 1-ந் தேதி கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

சைதாப்பேட்டையில் தொடங்கியது

பல்கலைக்கழகத்துக்கு வயது 50-ஐத் தாண்டியது. ஆனால் வேர் அதைவிடப் பழையது.

1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளி ஏற்பட்டது. 1906-ல் அதைக் கோவைக்கு மாற்றினார்கள். அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் ஆர்தர் லாலி. அவர்தான் அடிக்கல் நாட்டினார். கோவையில் "லாலி ரோடு" என்கிறோமே, அது அவர் பெயர்தான்.

அங்கே ஒரு வயல் உண்டு. 1909-ம் ஆண்டு அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். ஒரு பாத்திக்கு எந்த உரமும் கிடையாது. ஒன்றுக்குத் தொழு உரம் மட்டும். மற்றவற்றுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று விதவிதமாக. ஆண்டுதோறும் அதே பாத்திக்கு அதே உரம். எந்த உரம் மண்ணை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. தொடங்கியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். சோதனை நூறு ஆண்டைத் தாண்டியும் நடந்தது. இந்தப் பொறுமை எந்த வியாபாரிக்கு வரும்?

இந்தக் கல்லூரியில் படித்தவர்களில் ஊர் அறிந்தவர் எம்.எஸ்.சுவாமிநாதன். 1925-ல் கும்பகோணத்தில் பிறந்தவர். அப்பா டாக்டர். மகனும் டாக்டர் ஆவார் என்று வீட்டார் எண்ணினார்கள். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். அந்தச் செய்தி வாலிபனின் மனதை மாற்றியது. கோவைக்கு வந்து விவசாயம் படித்தார். பின்னாளில் நாட்டின் கோதுமை, நெல் விளைச்சலைப் பெருக்கியவர்களில் முன்னணியில் நின்றார். 2023-ல் காலமானார். 2024-ல் அவருக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

மாவுப்பூச்சியை விழுங்கிய குளவி

மூன்று வேலையையும் ஒரே இடம் செய்வதால் என்ன பயன்? ஒரு சம்பவத்தைப் பாருங்கள்.

2008-ம் ஆண்டு. கோவைப் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளையாக மாவு போல ஏதோ படிந்தது. இலை சுருண்டது. காய் உதிர்ந்தது. மரம் காய்ந்தது.

அது ஒரு மாவுப்பூச்சி. அதன் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். எப்படியோ கடல் கடந்து வந்துவிட்டது. மருந்து அடித்தார்கள். உடம்பு முழுவதும் மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்து ஒட்டவில்லை. பப்பாளியில் இருந்து மரவள்ளிக்குத் தாவியது. மல்பெரிக்குத் தாவியது. மல்பெரி இலை போனால் பட்டுப்புழுவுக்கு ஏது தீனி? உடுமலைப் பக்கம் பட்டு வளர்த்த குடும்பங்கள் கலங்கின.

பூச்சி எங்கிருந்து வந்ததோ, அங்கே அதற்கு ஓர் எதிரி இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவி. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். குஞ்சு உள்ளே இருந்தே பூச்சியைத் தின்று வளரும். மனிதரையும் கடிக்காது, பயிரையும் தொடாது.

2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இந்தக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்து தருவித்தது. அமெரிக்காவின் விர்ஜீனியா டெக் என்ற நிலக்கொடைப் பல்கலைக்கழகமும் இந்த முயற்சியில் துணை நின்றது. கோவைப் பல்கலைக்கழகம் குளவிகளை வாங்கிக் கூண்டுகளில் பெருக்கியது. பிறகு தன் ஆராய்ச்சி நிலையங்கள் வழியாகத் தோட்டம் தோட்டமாக விட்டது.

சில மாதங்கள்தான். மாவு மறைந்தது! மரவள்ளி மறுபடியும் துளிர்த்தது. விவசாயிக்கு மருந்துச் செலவும் மிச்சம்.

குளவியின் குணத்தைப் படித்தவர், அதைப் பெருக்கியவர், தோட்டத்தில் கொண்டு போய் விட்டவர் மூவரும் தனித்தனி அலுவலகங்களில் இருந்திருந்தால் ஃபைல் நகரவே ஓர் ஆண்டு ஆகி இருக்கும்.

நொய்யல் கேட்கும் கேள்வி

வெற்றிக் கதையை மட்டும் சொன்னால் போதாது.

திருப்பூர் வழியாக ஓடுவது நொய்யல் ஆறு. சாயப் பட்டறைக் கழிவு பல ஆண்டுகள் அதில் கலந்தது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். 1990-களில் அதில் தேங்கியது சாயத் தண்ணீர். கீழே இருந்த கிணறுகள் உப்பாயின. நிலம் வீணாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்தால்தான் நடத்தலாம் என்றது. வேலம்பாளையத்தில் வேலை இழந்து உட்கார்ந்தவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும்.

ஆற்றைக் கெடுத்தால் விவசாயிக்குச் சோறு இல்லை. பட்டறையை மூடினால் தொழிலாளிக்குச் சோறு இல்லை. உப்பேறிய மண்ணை எப்படி மீட்பது? எந்த மரம் அங்கே பிழைக்கும்? சுத்திகரித்த தண்ணீரை எந்தப் பயிருக்குப் பாய்ச்சலாம்? இவற்றை ஆராய்வதற்கு என்றே மண்ணியல், சுற்றுச்சூழல் துறைகள் இந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இரண்டு பக்கத்துக் கஷ்டத்தையும் வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை அங்கே போய்ப் படித்தால், பாடம் புத்தகத்தில் மட்டும் இருக்காது.

என்னென்ன படிப்பு?

விவசாயப் படிப்பு என்றால் மாடு பூட்டி உழுவது என்று நினைக்க வேண்டாம். ஆனால் சேற்றில் இறங்காமலும் பட்டம் வாங்க முடியாது! மாணவ-மாணவிகளுக்கு வயலில் பங்கு பிரித்துத் தருகிறார்கள். விதைப்பு முதல் அறுவடை வரை அவர்களே செய்ய வேண்டும். படிப்பின் கடைசிக் கட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போய், விவசாயிகளோடு பழகி, அவர்கள் செய்வதைக் கற்று வரவேண்டும்.

பட்டப் படிப்பு 4 ஆண்டுகள். வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், பட்டு வளர்ப்பு, உணவு ஊட்டச்சத்து, வேளாண் வணிகம் ஆகியவை ஒரு பக்கம். வேளாண் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம் போன்ற பி.டெக். படிப்புகள் இன்னொரு பக்கம்.

கல்லூரி கோவையில் மட்டும் என்று எண்ண வேண்டாம். மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, குமுளூர், பெரியகுளம் என்று பல ஊர்களில் இருக்கின்றன. வனவியலும் பட்டு வளர்ப்பும் படிக்க மேட்டுப்பாளையம் போக வேண்டும். மாட்டு வைத்தியம் இங்கே கிடையாது. அது 1989-ல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அதன் கல்லூரி ஒன்று திருப்பூர் மாவட்டத்திலேயே, உடுமலையில், 2020-ல் தொடங்கியது.

நான்கு ஆண்டு முடியாது என்பவர்களுக்கு இரண்டு ஆண்டு டிப்ளமோ உண்டு. அதைத் தமிழிலேயே படிக்கலாம். பட்டப் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் முதல் ஆண்டில் தடுமாறுவது உண்டு. பழகி விடுகிறார்கள்.

பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்யுங்கள்

பெற்றோர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது.

பல வீடுகளில் பிளஸ் 2 தேர்வு முடிந்த பிறகுதான் இந்தப் படிப்பைப் பற்றியே கேள்விப்படுகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஏன்? பிளஸ் 1 சேரும்போதே பாதை பிரிந்துவிடுகிறது. வேளாண்மை, தோட்டக்கலை போன்ற படிப்புகளுக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியல் வேண்டும். அல்லது தாவரவியலும் விலங்கியலும் வேண்டும். வேளாண் பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். வணிகவியல் பிரிவு எடுத்த பிள்ளை எவ்வளவு மார்க் வாங்கினாலும் இந்த வாசலில் நுழைய முடியாது. தொழிற்கல்விப் பிரிவில் விவசாயம் படித்தவர்களுக்குத் தனியாகச் சில இடங்கள் உண்டு.

டாக்டர் படிப்புக்கு "நீட்" எழுதுவது போல, தமிழ்நாட்டு மாணவர்கள் இதற்குத் தனித் தேர்வு எழுத வேண்டியது இல்லை. பிளஸ் 2 மார்க்கை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். இட ஒதுக்கீடு உண்டு. (அகில இந்திய ஒதுக்கீட்டில் சேர மட்டும் தனித் தேர்வு.)

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் ஒரு சட்டம் வந்தது. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு விவசாயம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள். அப்படிச் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்கள். ஆகவே எந்த வகுப்பு எந்தப் பள்ளியில் படித்தார் என்ற சான்றுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காக வீடு மாறி, பள்ளி மாறி வந்த குடும்பங்களில் இந்தக் காகிதம்தான் காணாமல் போகிறது.

இன்னொரு எச்சரிக்கை. "உறுப்புக் கல்லூரி" என்பது பல்கலைக்கழகமே நடத்துவது. "இணைப்புக் கல்லூரி" என்பது தனியார் நடத்துவது, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. இரண்டிலும் கட்டணம் ஒன்றல்ல. வித்தியாசம் பெரிது. கலந்தாய்வில் கல்லூரி பெயரை எழுதும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன்" என்று எவராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

வேலை கிடைக்குமா?

அப்பா கடைசியில் கேட்பது இதுதான்.

அரசு வேளாண்மை அதிகாரி, தோட்டக்கலை அதிகாரி பதவிகளுக்குத் தேர்வு எழுதலாம். வங்கிகளில் விவசாய அதிகாரி வேலை உண்டு. விதை, உரம், உணவுக் கம்பெனிகள் ஆள் எடுக்கின்றன. மேலே படித்தால் விஞ்ஞானி ஆகலாம். ஐ.ஏ.எஸ். எழுதி வென்றவர்களும் உண்டு. பட்டம் வாங்கிய எல்லாருக்கும் அரசு வேலை கிடைக்கும் என்று சொன்னால் அது பொய். பலமுறை தேர்வு எழுதிக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் வீட்டு வாடகை நிற்காது என்பதையும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

படிக்கும் வயதைத் தாண்டிய அப்பா, அம்மாவுக்கும் அங்கே இடம் உண்டு. காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு போன்றவற்றில் குறுகிய காலப் பயிற்சி தருகிறார்கள். கடைகளில் விற்கும் பால் காளானில் ஒரு ரகம் இதே பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையத்தில் வந்தது. ஒரு சின்னக் குடிசையும் வைக்கோலும் போதும், காடு வேண்டாம். பல்கலைக்கழகத்தின் வேளாண்மை அறிவியல் நிலையம் ஒன்று திருப்பூர் மாவட்டத்தில், பொங்கலூரில் இருக்கிறது. ஊரில் இன்னும் அரை ஏக்கர் மிச்சம் வைத்திருப்பவர்கள் பயிர் பற்றிய சந்தேகத்தை அங்கே கேட்கலாம்.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்து வாருங்கள். கோவை காந்திபுரத்தில் மருதமலை பஸ் ஏறினால் லாலி ரோடு தாண்டியதும் பல்கலைக்கழகம் வந்துவிடும். தாவரவியல் பூங்கா இருக்கிறது. 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. வண்டும் வண்ணத்துப்பூச்சியும் கண்ணாடிக்குள் வரிசை வரிசையாக நிற்கும். எந்த நாளில், எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூச்சிகளை விட்டு நகர மாட்டார்கள். மாலைக்குள் திரும்ப வேண்டுமானால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.